எட்டு எழுத்துக்கு விட்ட இடம்

இல்ல சார், உள்ள வேணாம். கால் பூரா சுண்ணாம்பு, உங்க டைல்ஸ் வீணாப் போயிரும். இந்தப் படியிலயே உக்காந்துக்கிறேன். ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடுங்க, போதும்.

நான் வந்தது உங்க சுவருக்காகத்தான் சார். மேக்கால இருந்து வந்தேனா, கேட்டுப் பக்கம் திரும்புனதும் அப்படியே நின்னுட்டேன். என்ன சுவரு! பூச்சு எங்கயாச்சும் ஒரு பிசிறு இருக்கா? இந்தப் புது நகர்ல முத வீடு உங்களது, பஸ் திரும்புற மொனை. ஏறுறவன் இறங்குறவன் எல்லாருக்கும் கண்ணுல படும். பேரூராட்சித் தேர்தல் வருதுல்ல, அதான் உங்க சம்மதம் கேட்டுட்டு எழுதலாம்னு. என்ன? இருங்க இருங்க, சம்மதமா இல்லையான்னு இப்பவே சொல்லாதீங்க. நீங்க ஊருக்குப் புதுசு. நான் யாரு என்னன்னு தெரியாம வேணாம்னு சொல்லிப்புட்டா எனக்கு மனசு கஷ்டமாப் போயிரும். முதல்ல என்னையத் தெரிஞ்சுக்கிருங்க.

என் பேரு நெடுஞ்சேரலாதன். சிரிக்காதீங்க. ஊருல சேரன்னு சொன்னாத்தான் தெரியும். இந்தப் பேரை எனக்கு வச்சது எங்க இளவழுதி ஐயா. எங்கப்பா நூல் மில்லுல இருந்தாரு, கட்சின்னா உசுரு. நான் பொறந்து பேரு வைக்காமலே வச்சிருந்து, ஐயா ஜெயில்ல இருந்து வந்தப்புறம் தூக்கிட்டுப் போயி அவரு மடியில போட்டுப் பேரு வாங்கியிருக்காரு. என்ன ஜெயிலா? மொழிப்போர் சார். அறுபத்தஞ்சு. ஐயா அப்ப காலேஜ் படிக்கிறாரு. போலீஸ் அடிச்ச தடம் இன்னைக்கும் முதுகுல இருக்கு. வருஷா வருஷம் தை மாசம் வீரவணக்கக் கூட்டம் போடுவோம், அதுல அந்த அடியப் பத்தி ஐயா பேசுனாருன்னா கூட்டமே அழும்.

நானும் அழுதிருக்கேன். சின்னப் பயலா இருந்தப்ப மேடைக்குப் பின்னாடி நின்னு சோடா உடைச்சுக் குடுக்கிறது என் வேலை. பேசி முடிச்சு இறங்கி வருவாரு. எங்களப் பாத்து, "நீங்கள்லாம் என்னத்தடா கண்டீங்க? எல்லாம் நாங்க வாங்கிக் குடுத்தது"ன்னு சொல்லுவாரு. எங்களுக்குக் கூச்சமா இருக்கும். ஏதோ நாங்க வேணும்னே லேட்டாப் பொறந்த மாதிரி. அந்தப் போராட்டத்தப்ப நான் தொட்டில்ல கெடந்தேன் சார். நான் என்ன பண்றது?

எங்க வயசுப் பயலுக எங்க தெருவுல ஏகப்பட்ட பேரு. எல்லாருக்கும் ஐயா வச்ச பேருதான். வாயில நுழையாது, அவ்வளவு பெரிய பெரிய பேரு. பூராப் பயலும் கட்சிதான். போஸ்டர் ஒட்டுறது, கொடி கட்டுறது, மாநாட்டுக்கு ஆள் ஏத்துறது. நாங்க இருபத்தஞ்சு வயசுல இளைஞரணியில சேந்தப்ப எங்க செயலாளருக்கு நாப்பத்தெட்டு வயசு. பேரன் எடுத்தவரு, இளைஞரணிச் செயலாளர்! சரி, பெரியவரு இருக்கட்டும், நம்ம முறை வரும்னு இருந்தோம். நம்ம முறை வந்துச்சு. வந்த அன்னைக்கு மேலிடத்துல இருந்து உத்தரவு வருது, முப்பத்தஞ்சு தாண்டுனவன் இளைஞரணியில இருக்கக் கூடாதுன்னு. எப்படி இருக்கு? சரி, மூத்த முன்னோடிகள்னு ஒரு வரிசை நாற்காலி போடுறாங்களே, அங்க போயி உக்காரலாம்னா, ஜெயிலுக்குப் போயிருக்கியான்னு கேக்குறாங்க. பெரிசுகளுக்கு தியாகின்னு பேரு. சிறுசுகளுக்கு நாளைய தமிழகம்னு பேரு. எங்களுக்கு? "டேய், அந்த நாற்காலிய எடுத்துப் போடு." அதான் சார் எங்க பேரு.

ஒரே ஒரு தடவை எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. மேடையில என் பேரைச் சொல்லி, ஐயா கையால. உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. கீழ இறங்குறேன், நம்ம பயலே ஒருத்தன் ஓடி வந்து, "அண்ணே, சால்வை ஒண்ணு குறையுது, மாவட்டத்துக்குப் போத்தணும்"னு உருவிட்டுப் போயிட்டான். என் வீட்டுக்காரிகிட்ட காட்டக்கூட இல்ல.

கூட இருந்தவய்ங்க ஒவ்வொருத்தனா கழண்டுக்கிட்டான். ஒருத்தன் திருப்பூரு போயிட்டான், ஒருத்தன் எதிர்க்கட்சிக்கே போயிட்டான். நான் மட்டும் பிரஷைக் கீழ வைக்கல. சொல்ல மறந்துட்டேனே, நமக்குச் சுவர் விளம்பரம். இந்த ஊருல எந்தச் சுவரு வெயிலு வாங்கும், எந்தச் சுவரு மழையில பொரியும், எல்லாம் எனக்கு அத்துப்படி.

தேர்தல் வாடை அடிச்சதும் முதல்ல சுவரைப் பிடிக்கணும் சார். ஒரு பூச்சு வெள்ளையடிச்சு, கீழ் ஓரத்துல பேரைப் போட்டு "முன்பதிவு"ன்னு எழுதிப்புட்டோம்னா அந்தச் சுவரு நம்மளது. அப்புறம் வேற எவனும் கை வைக்கக் கூடாது. முன்னல்லாம் இதுக்காக மண்டை உடையும். எதிர்க்கட்சியில வீரணன்னு ஒருத்தரு, அவரும் நானும் டீக்கடையில உக்காந்து பேசி முடிச்சோம். முன்பதிவு போட்டா போட்டதுதான். ஒரு கட்சிக்கு மட்டும் இல்ல, ஊரு பூராவுக்கும். எங்க ஐயாவே வந்து சொன்னாலும் இன்னொருத்தர் பிடிச்ச சுவத்துல நான் பிரஷ் வைக்க மாட்டேன். இந்த ஊருல நான் போட்ட ஒரே சட்டம் அதுதான். அதை நானே மீறுனா நான் மனுசனே இல்ல.

என்ன சார், சுவரைப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்களா? சொல்லலாம், இருங்க, முடிச்சுர்றேன்.

ஐயா எத்தனையோ தடவை நம்ம பதினோராவது வார்டுக்கு நின்னாரு, ஜெயிச்சாரு. அவரு மகன் துபாய்ல இருக்காப்ல, அரசியல் பக்கமே வரல. அப்ப அடுத்து யாரு? சேரன்தான்னு ஊரே சொல்லுச்சு. நடுவுல ஒரு தடவை பொம்பளைங்க வார்டுன்னு அறிவிச்சுப்புட்டாங்க. ஐயா தன் மருமகளை நிக்க வச்சாரு. அந்தம்மா வார்டுக்குள்ள நடந்து வந்ததே ஓட்டுப் போடத்தான். ஆனா ஐயா சொன்னா சரி. நான்தான் அத்தனை சுவரும் எழுதுனேன்.

அந்த வருஷம் ஒரு கூத்து. எங்க தெருப் பொம்பளைங்க பூராம் வந்து என் வீட்டுக்காரிய நிக்கச் சொன்னாங்க. அவ பேரு சுந்தரவள்ளி. மகளிர் குழு நடத்துறா. எங்க தெருவுக்குக் குழாய் வந்ததே அவ பொம்பளைங்களக் கூட்டிட்டுப் போயி ஆபீசு வாசல்ல உக்காந்ததாலதான். அவளும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறா. எனக்கு எப்படி இருக்கும்? ஐயா மருமகளுக்கு எதிரா என் வீட்டுல இருந்து ஒரு ஆளா? கட்சிக்குத் துரோகம் பண்ண முடியுமா சார்? "போயி வேலையப் பாருங்க"ன்னு எல்லாரையும் அனுப்பிச்சு விட்டேன். அவளும் உள்ள போயிட்டா. நல்ல பொம்பளை, ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. அன்னைக்கே அதை மறந்துட்டா.

சரி, அதை விடுங்க. நம்ம விஷயத்துக்கு வர்றேன்.

போன தை மாசம் வீரவணக்கக் கூட்டத்துல, அத்தனை பேரு முன்னாடி, ஐயா என் தோள்ல கை வச்சு, "அடுத்த தடவை வார்டு இவனுக்குத்தான்"னு சொன்னாரு சார். என் காதால கேட்டேன். மைக்குல சொன்னாரு. டீக்கடையில அன்னையில இருந்து என்னைய "வாங்க கவுன்சிலரே"ன்னுதான் கூப்புடுவாய்ங்க.

இந்தத் தேர்தல் வாடை வந்ததும் நான் சுவரு எழுத ஆரம்பிச்சுட்டேன். வேட்பாளர் பேரு அறிவிக்கிறதுக்கு முன்னாடியே சின்னத்தை வரைஞ்சு, வாக்களிப்பீர்னு எழுதி, பேருக்கு மட்டும் இடம் விட்டு வச்சிருவோம். அறிவிச்ச அன்னைக்கே பேரை நிரப்பிட்டா முத நாளே ஊரு நம்ம கையில. எவ்வளவு இடம் விடுறதுங்கிறதுலதான் சார் தொழிலே இருக்கு. நான் எட்டு எழுத்துக்கு விட்டேன். நெ, டு, ஞ், சே, ர, லா, த, ன். ஒவ்வொரு சுவத்துலயும் சாண் வச்சு அளந்து விட்டேன். வெயில்ல நின்னு அந்த வெள்ளை இடத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல இந்தப் பேரைச் சொல்லி எத்தனை கேலி பண்ணியிருப்பாய்ங்க! வாத்தியாரே பாதியில நிறுத்திச் சிரிப்பாரு. இப்ப பாருங்கடா, ஊரு பூரா எழுதப் போறேன்னு நெனைச்சுக்கிருவேன்.

அறிவிக்கிற அன்னைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு ஐயா வீட்டுக்குப் போனேன். கையில ஒரு பொன்னாடை, ஐயாவுக்குப் போத்த. ஹால்ல கூட்டம். ஐயா நாற்காலியில உக்காந்திருக்காரு.

"சேரா, சுவரெல்லாம் ரெடியாடா?"

"ரெடிங்கய்யா. பேரு மட்டும்தான் எழுதணும்."

"நல்லது. பேரு சின்னப் பேருதான். சட்டுனு முடிஞ்சிரும்."

எனக்கு விளங்கல சார். என் பேரு எப்படிச் சின்னப் பேரு? நீங்கதானய்யா வச்சீங்கன்னு சிரிச்சுக்கிட்டே கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள உள்ள இருந்து அவரு பேரன் வர்றான். மெட்ராஸ்ல படிச்சுட்டு வந்தவன், போன வருஷம்தான் ஊருக்குத் திரும்புனான். எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டுறாங்க. எவனோ ஒருத்தன் என் கையில இருந்த பொன்னாடைய வாங்கி அவனுக்குப் போத்திட்டான்.

பேரு என்ன தெரியுமா சார் அவனுக்கு? நிகில். ஊருப் பிள்ளைக்கெல்லாம் சங்க காலத்துப் பேரா வச்ச மனுசன், தன் பேரனுக்கு நிகில்னு வச்சிருக்காரு! நான் அன்னைக்குத்தான் சார் அதை யோசிச்சேன். அந்தப் பயலைக் குழந்தையில இருந்து பாக்குறேன், ஒரு நாளும் தோணல.

ஐயா என்னையப் பக்கத்துல கூப்பிட்டு, "இளைஞனுக்கு வழி விடணும்டா, காலம் மாறுது"ங்கிறாரு. நான் எப்பய்யா இளைஞனா இருந்தேன், எனக்கு யாரு வழி விட்டான்னு கேட்டிருக்கணும். தலையாட்டிட்டு நின்னேன். எதிர்க்கட்சிக்காரன் முதுகுல குத்துனா தாங்கிக்கிரலாம். பேரு வச்ச கையி குத்துச்சே, அதை எங்க போயிச் சொல்ல?

வெளிய வர்றேன், அந்தப் பய பின்னாடியே வந்து, "அங்கிள், எழுத்து கொஞ்சம் மாடர்னா இருக்கட்டும். அப்புறம், நம்ம வார்டு எதுவரைக்கும் போகுது?"ன்னு கேக்குறான். வார்டு எதுவரைக்கும்னு கேக்குறான் சார்!

எழுதுனேன். ஏன்னு கேக்காதீங்க, கட்சி. ஆனா எட்டு எழுத்து இடத்துல மூணு எழுத்தை எப்படி நிரப்புறது? நடுவுல எழுதுனா ரெண்டு பக்கமும் மொட்டையா நிக்குது. ஓரமா எழுதுனா பாதிச் சுவரு காலி. கடைசியில இழுத்து இழுத்து எழுதுனேன். நி ஒரு கஜம், கி ஒரு கஜம். டீக்கடைக்காரன் பாத்துட்டு, "என்னண்ணே, எழுத்துக்கு நடுவுல மாட்டுவண்டியே போகும் போலருக்கே"ங்கிறான். ஊருக்கே தெரிஞ்சு போச்சு, அந்த இடம் யாருக்கு விட்டதுன்னு. தெருவுல போற வர்றவன் சுவரைப் பாக்குறான், அப்புறம் என்னையப் பாக்குறான். மானம் போச்சு.

வீட்டுக்கு வந்து அவகிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதேன் சார். வெக்கமில்லாம சொல்றேன், குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவ அடுப்பை அணைச்சுட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. ஆறுதலா ஏதாச்சும் சொல்லுவான்னு பாத்தா, "ஊரு பூரா உங்க பேருக்கு இடம் விட்டீங்களே, எனக்கு எங்கயாச்சும் விட்டீங்களா?"ன்னு கேக்குறா. இதுல அவளுக்கு எங்க சார் வந்துச்சு இடம்? ஏமாந்தவன் நானு. நான் ஒண்ணு பேசுனா அவ ஒண்ணு பேசுறா. பொம்பளைங்களுக்கு அரசியல் விளங்காதுன்னு விட்டுட்டேன்.

அன்னையில இருந்து அவளும் வீட்டுல தங்குறதில்ல. குழுக் கூட்டம், குழுக் கூட்டம்னு விடியவும் பொம்பளைங்களோட கிளம்பிர்றா. நான் ஏமாந்து உக்காந்திருக்கிற நேரத்துல பக்கத்துல இருக்க வேணாமா? கேட்டா, "சோறு மூடி வச்சிருக்கேன்ல"ங்கிறா. வீட்டுலயும் நமக்குன்னு யாரும் இல்ல சார். அதான் உங்களப் புடிச்சு உக்கார வச்சுக்கிட்டு இம்புட்டையும் கொட்டுறேன், தப்பா நெனைக்காதீங்க.

இதுல இன்னொரு எரிச்சல், என் நல்ல பிரஷைக் காணோம். அதோட தலையில ஒரு இடத்துல முடி கொட்டிப் போயிருக்கும், கோடு இழுத்தா நடுவுல மெல்லிசா ஒரு வெள்ளை இழை விட்டுக்கிட்டே போகும். புதுசு ஆயிரம் இருந்தாலும் எனக்கு அதுதான் கைக்குப் பழக்கம். சுண்ணாம்பு வாளியும் எடம் மாறிக் கெடக்கு. நிகிலோட பயலுக எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருப்பான். அதையும் விட்டு வைக்கல பாருங்க.

சரி, நம்ம கதை இருக்கட்டும். வெயில் ஏறுது. உங்க சுவருக்கு வருவோம். சொல்லுங்க சார், எழுதிக்கிரலாமா?

என்ன?

குடுத்துட்டீங்களா? யாருக்கு? வீரணனுக்கா? அவரு இந்தப் பக்கமே வரலையே. அதைச் சொல்லத்தான் வாயத் தொறந்து தொறந்து மூடுனீங்களா? நான்தான் பேச விடல. பரவாயில்ல. முன்பதிவு போட்டாச்சா? அப்ப சரி. போட்டா போட்டதுதான், நான் கை வைக்க மாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லுங்க.

பொம்பளைங்களா? கூட்டமா வந்தாங்களா? எந்தக் கட்சி? சுயேச்சையா? சுயேச்சைக்கு யாரு சார் இந்த வார்டுல…

இருங்க. கிழக்கால மூலையிலயா எழுதியிருக்கு? நான் இந்தப் பக்கமா வந்ததால பாக்கல. நானே போயிப் பாத்துக்கிறேன். நீங்க வர வேணாம், வெயில்.

…

சார், இங்க கொஞ்சம் வாங்களேன்.

இது என் பிரஷ் சார். இந்தா பாருங்க, ஒவ்வொரு கோட்டுக்கு நடுவுலயும் வெள்ளை இழை ஓடுது. என் பிரஷேதான். கையெழுத்து யாருதுன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேணாம். "சுந்தரவள்ளி, சுயேச்சை. முன்பதிவு." முன்பதிவுக்கு மேல ஒரு கோடு இழுத்திருக்கா பாருங்க, அது நான் இழுக்கிற மாதிரியே. எப்ப பாத்து வச்சுக்கிட்டான்னு தெரியல.

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல சார். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, என் வாளிய எடுத்து, என் பிரஷை எடுத்து… ஐயாவாவது மூஞ்சிக்கு நேராச் சொன்னாரு. அன்னைக்கே மறந்துட்டான்னுல்ல நான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

அடுத்த வீட்டுச் சுவரும் வெள்ளையா இருக்கே, அதுலயுமா? அதுக்கு அடுத்ததுலயுமா? இந்த வரிசை பூராவுமா? நான் அங்க நிகிலை இழுத்து இழுத்து எழுதிக்கிட்டுக் கெடந்த நேரத்துல இங்க தெருவையே பிடிச்சுட்டாளே.

இல்ல சார், அழிக்க மாட்டேன். அழிக்க முடியுமா? நான் போட்ட சட்டம்ல. ஐயாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் தெரியல. அது கெடக்கட்டும்.

அந்தச் சொம்புல இன்னும் கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க. நான் இப்படியே இந்த வரிசையில கடைசிச் சுவரு வரைக்கும் நடந்துட்டு வர்றேன். சுந்தரவள்ளிக்கு ஏழு எழுத்து சார். இடம் சரியா விட்டிருக்காளான்னு மட்டும் பாத்துட்டுப் போயிர்றேன்.